ஆறாத முகம்

ரோஸ்வித்தா கோசாக்கின் முகம் 1989 நவம்பர் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை மாலை நாலேகால் மணிக்குச் சிவந்தது. அதன் பிறகு அது ஆறவே இல்லை. கிழக்கு பெர்லினில், லாப்லாந்துத் தெரு பதினாலாம் எண் கட்டடத்தில் குடியிருந்த எட்டுக் குடும்பங்களில் ஆறு குடும்பங்கள் அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்க நிலக்கரி வாங்கவில்லை. மூன்றாம் மாடிக்காரர்கள் ஜனவரி மாதத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து, பனியனோடு உட்கார்ந்து சீட்டாடினார்கள். அந்தக் கட்டடத்தின் கூரையில் மட்டும் பனி நிற்கவில்லை என்பதைத் தெருவில் போகிறவர்கள் முதல் வாரம் நின்று பார்த்தார்கள். இரண்டாவது வாரம் பார்க்காமல் போனார்கள். அந்த மாதம் பார்ப்பதற்கு ஊரில் வேறு நிறைய இருந்தது.

ரோஸ்வித்தாவுக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. கணவர் டிராம் பணிமனையில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நசுங்கி இறந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. தெருமுனையில் இருந்த ரொட்டிக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்று பன் விற்றாள். யாருக்குக் கருகல் பிடிக்கும், யாருக்கு வெள்ளையாக வேண்டும் என்று கேட்காமலே எடுத்துப் போடுவாள். அவள் வீடு இரண்டாம் மாடியில் இடப்பக்கம். தெரு கிழக்கே டிராம் பாதையில் தொடங்கி மேற்கே, ஊரை இரண்டாகப் பிரித்த சுவரில் முடிந்தது. அவளுடைய சமையலறை ஜன்னலிலிருந்து சுவருக்கு நாற்பது தப்படி. சுவர் வந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இருபத்து மூன்று வயது. முதலில் முள்கம்பியாக வந்தது, பிறகு செங்கல் ஆனது, பிறகு கான்கிரீட். முதல் வருஷம் தெருவே அழுதது. மூன்றாவது வருஷத்தில் எல்லோரும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் நடக்கப் பழகியிருந்தார்கள். பழகிவிட்டோமே என்று யாரும் கூசவும் இல்லை. கூசியிருந்தால் அந்தத் தெருவுக்கு இருபத்தெட்டு வருஷமும் நிலக்கரியே தேவைப்பட்டிருக்காது.

அதே மாடியில் எதிர் வீட்டுக்கு மார்லீஸ் திலெக்கே குடிவந்தது 1969இல். மூக்குக் கண்ணாடித் தொழிற்சாலையில் கண்ணாடி தேய்க்கிற வேலை. வாயாடி. மாடிப்படி ஏறும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவாள், கதவு திறப்பதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும். ரோஸ்வித்தா பேசாதவள். ஒருத்திக்கு வாய், இன்னொருத்திக்குக் காது என்று தெரு சொன்னது. ரோஸ்வித்தாவின் கணவர் இறந்தபோது மார்லீஸ் மூன்று வாரம் அவள் சமையலறைத் தரையிலேயே படுத்துக்கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். இப்படி ஒன்பது வருஷம் போனது.

1978 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, மார்லீஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மேற்குப் பக்கத்துச் சினேகிதன் ஒருவன் வருகிற வியாழக்கிழமை காரின் பின்பெட்டியில் அவளை மறைத்து எடுத்துக்கொண்டு போகிறான். எந்தச் சாலை, எந்த மணி, எல்லாம் சொன்னாள். "உன்கிட்ட சொல்லாம போனா எனக்கு சோறு இறங்காதுடி" என்றாள்.

ரோஸ்வித்தா அன்று அழவில்லை. செவ்வாய்க்கிழமை கடை மூடும் நேரத்தில், ஹெர் லோரென்ட்ஸ் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட சாம்பல் நிறக் கோட்டு ரகசியப் போலீஸ்காரர் வழக்கம்போல வந்து நின்றார். இரண்டு வருஷமாக அவர் மாதம் ஒருமுறை வந்து, தெருவில் என்ன விசேஷம் என்று விசாரிப்பார். அவளும் ஒன்றுக்கும் உதவாத எதையாவது சொல்லி அனுப்புவாள். முதல் தடவை அவர் உனக்கு ஒரு புனைபெயர் வேண்டும் என்று கேட்டபோது, அவளுக்கு வேறெதுவும் தோன்றாமல் எதிரே தட்டிலிருந்த கசகசா பன்னைப் பார்த்து, "கசகசா" என்று சொல்லியிருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை கசகசா உதவுகிற விஷயத்தைச் சொன்னது. பிடித்துக் கண்டித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை மறுபடி உருளைக்கிழங்கு உரிக்கலாம் என்று அவள் நினைத்தாள். நாற்பது வயதான பெண் அப்படி நம்பினாள் என்பதை நம்புவது கஷ்டம். அவளும் பின்னாளில் அதை நம்பவில்லை.

வியாழக்கிழமை வழியில் பிடிபட்ட மார்லீஸ் இருபத்திரண்டு மாதம் பெண்கள் சிறையில் இருந்தாள். அதில் முதல் குளிர்காலம், கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கிய அறையில். அந்தக் குளிர் அவள் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 1980 ஜூலையில் மேற்கு அரசு அவளையும் இன்னும் முப்பது கைதிகளையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. அந்நாளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பேருந்திலிருந்து இறங்கும்போது வெயில் கொளுத்தியது, அவள் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள். சினேகிதன் அதற்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தான். வெடிங் பகுதியில் ஓர் அறை கிடைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம், லாப்லாந்துத் தெருவிலிருந்து நானூறு மீட்டர். அங்கே ஒன்பது வருஷம் கோடையிலும் கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் வாழ்ந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஐந்து மாதத்தில் ரோஸ்வித்தாவுக்கு டெலிஃபோன் வந்தது. அவள் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கட்டடத்தில் அதுதான் முதல் டெலிஃபோன். விண்ணப்பம் போட்டுப் பதினாலு வருஷம் காத்திருந்த மற்றவர்கள் அவள் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள். எப்படிக் கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சிறைக்கு அவள் மூன்று மாதத்துக்கு ஒரு பொட்டலம் அனுப்பினாள். கம்பளிச் சாக்ஸ், கொழுப்பு, சோப்பு. அது விடாமல் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் 1989. கோடையிலிருந்தே ஜனங்கள் பக்கத்து நாடுகள் வழியாக ஓடிக்கொண்டிருந்தார்கள். இலையுதிர்காலத்தில் ஓடாதவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆட்சியில் இருந்த கிழவர்கள் பதவி விலகினார்கள், அவர்கள் இடத்தில் சற்று இளைய கிழவர்கள் உட்கார்ந்தார்கள். நவம்பர் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ரொட்டிக் கடை அடுப்பிலிருந்து அறுநூறு பன் வந்தது. எட்டரை மணி வரை இருபத்து மூன்றுதான் விற்றது. மூன்றாம் மாடி புரூனோ காப்லிட்ஸ், தெருவுக்கெல்லாம் நிலக்கரி சுமப்பவர், கண் சிவந்து, தலையில் யாருடையதோ தொப்பியோடு வந்து நின்றார்.

"கோசாக் அம்மா, இன்னுமா பன் வித்துக்கிட்டிருக்கீங்க? மேற்கே போற போர்ன்ஹோல்மர் பாலம் திறந்துடுச்சு! நான் போயிட்டு வந்துட்டேன். அந்தப் பக்கத்து நிலக்கரியும் கறுப்புத்தான்."

ரோஸ்வித்தா பன்களை அடுக்கினாள். ஊர் முழுக்கச் சந்தோஷப்பட்ட அந்த நாளில் அவள் மட்டும் சந்தோஷப்படவில்லை. சுவர் இருந்தவரை மார்லீஸ் அந்தப் பக்கம், அவள் செய்தது இந்தப் பக்கம். இரண்டும் சந்திக்க வழியில்லாமல் இருந்தது. அவள் வாழ்ந்த தெருவில் அந்தச் சுவருக்கு நன்றிக்கடன் பட்டவள் தான் ஒருத்திதான் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை மாலை மாடிப்படியில் அந்தக் குரல் கேட்டது.

"ரோஸி! கதவைத் திறடி! எதிர்நீச்சல் போட்டு வந்திருக்கேன். ஊரே அந்தப் பக்கம் போகுது, நான் ஒருத்திதான் இந்தப் பக்கம் வர்றேன். பாலத்துல போலீஸ்காரன், 'அம்மா, வழி தப்பிட்டீங்க'ன்னு சொல்றான். நான் வழி தப்புனது அப்பவேடா, இப்பத்தான் சரியாப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

கதவு திறந்ததும் மார்லீஸ் அவளைக் கட்டிக்கொண்டாள். கம்பளித் தொப்பி, கம்பளிக் கோட்டு, உள்ளே ஒரு எலும்புக்கூடு. காதோரம் சொன்னாள்: "உன் சாக்ஸ் இல்லேன்னா நான் அங்கயே செத்திருப்பேன்டி. வெளியில எனக்குன்னு இருந்தது நீ ஒருத்திதான்."

அப்போது மணி நாலேகால். ரோஸ்வித்தாவின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி, கன்னம், காது, நெற்றி என்று பரவி, மயிர்க்கால் வரை போய் நின்றது. கூடத்துக் கண்ணாடியில் ஆவி படிந்தது. மார்லீஸ் விலகி அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னடி இப்படிக் கொதிக்குது? காய்ச்சலா?"

"சந்தோஷம்" என்றாள் ரோஸ்வித்தா.

சிவப்பு அன்று இறங்கவில்லை, மறுநாளும் இறங்கவில்லை. டாக்டர் தெர்மாமீட்டர் வைத்தார், அது வெடித்தது. சிதறிய பாதரசத்தைப் பொறுக்க அரைமணி ஆயிற்று. நாடி சரியாக இருக்கிறது, வெந்நீரைக் குறைக்கவும் என்று எழுதிக் கொடுத்தார். அவளுக்கு எரியவில்லை. துணி கருகவில்லை. ஆனால் வெண்ணெய் வீட்டில் நிற்கவில்லை, மேசையில் வைத்த மெழுகுவத்தி தலை குனிந்தது. கடையில் அவள் பக்கத்தில் வைத்த மாவு பாதி நேரத்தில் பொங்கியது, அதனால் முதலாளி அவளைக் கல்லாவிலிருந்து மாவுத் தொட்டி ஓரத்துக்கு மாற்றினார். வெப்பம் சுவர், தரை, கூரை வழியாகக் கட்டடம் முழுக்கப் பரவியது. "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அம்மா" என்று புரூனோ மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். ஆனாலும் நான்கு மாடி மூட்டை சுமக்காத அந்த வருஷம்தான் அவருடைய முதுகுவலி போனது. ஏன் இந்தச் சூடு என்று கட்டடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. டெலிஃபோன் எப்படி வந்தது என்று கேட்காத அதே ஆட்கள்தான். ஒரு கேள்வி தொடங்கினால் அது எந்தக் கதவில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அந்தக் குளிர்காலத்தில் அந்தத் தெருவில் இன்னும் பலருக்குக் காது மடல் மட்டும் சிவந்திருந்தது, அவர்கள் தொப்பி போடாமல் நடந்தார்கள்.

மார்லீஸ் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாலத்தைக் கடந்து வந்தாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கோட்டைக் கழற்றினாள். சிறைக்குப் பிறகு அவள் அதைக் கழற்றியது அதுவே முதல் தடவை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஸ்வெட்டரையும் கழற்றி, கையில்லாத சட்டையோடு சோபாவில் காலை நீட்டிப் படுத்தாள். "உலகத்துல எனக்குக் குளிராத இடம் இது ஒண்ணுதான் ரோஸி. இது என்ன மாயமோ தெரியல" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள். எலும்பு துருத்திய அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டு ரோஸ்வித்தா எதிரே உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பார்க்க முகம் இன்னும் கொதித்தது. முகம் கொதிக்கக் கொதிக்க மார்லீஸ் இன்னும் நன்றாகத் தூங்கினாள். எழுந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை நினைத்தாள். முதல் தடவை மார்லீஸ் சிரித்துக்கொண்டே எழுந்தாள். இரண்டாவது தடவை புரூனோ தீப்பெட்டி கேட்டு வந்தார். மூன்றாவது தடவை எந்தத் தடையும் இருக்கவில்லை, அப்போதும் சொல்லவில்லை.

1990 கோடையில் கிரேன்கள் வந்து சுவரைப் பலகை பலகையாகத் தூக்கிக்கொண்டு போயின. தெரு மேற்கே நீண்டது. சாயங்கால வெயில் இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு ரோஸ்வித்தாவின் சமையலறைத் தரையில் வந்து விழுந்தது. அவள் எழுந்து திரையை இழுத்து மூடினாள். அடுத்த வசந்தத்தில் டிராமில் ஹெர் லோரென்ட்ஸ் அவள் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். இப்போது காப்பீடு விற்றுக்கொண்டிருந்தார், கோட்டு நீல நிறம். கை கொடுத்தார். அந்தக் கை சில்லென்று, நன்றாக உலர்ந்து இருந்தது.

"பழசை எல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க கோசாக் அம்மா. அவங்கவங்க வேலையை அவங்கவங்க செஞ்சோம், அவ்வளவுதானே" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். "வீட்டுச் சாமானுக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுத்திருக்கீங்களா?"

1992 ஜனவரியில் பழைய அரசின் ரகசியக் கோப்புகளை, அவை யாரைப் பற்றியவையோ அவர்களே படிக்கலாம் என்று சட்டம் வந்தது. மார்லீஸ் மனுப் போட்டாள். மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

"நீ கூட வாடி" என்றாள் மார்லீஸ். "தனியாப் படிக்க எனக்குப் பயமா இருக்கு. நீ பக்கத்துல இருந்தா குளிராமலாவது இருக்கும்."

ரோஸ்வித்தா சரி என்றாள். போகும் வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். டிராமில் ஒன்பது நிறுத்தம். ஒன்பதும் போயிற்று.

வாசிப்பு அறையில் நீளமான மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கம் புரளும் சத்தம், யாரோ மூக்குச் சிந்தும் சத்தம். ரோஸ்வித்தா உள்ளே வந்த பத்து நிமிஷத்தில் எல்லோரும் கோட்டைக் கழற்றினார்கள். அறைப் பொறுப்பாளரான பெண்மணி இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்தார். மார்லீஸின் கோப்பு நானூற்றுப் பதினாறு பக்கம். முதலில் அவள் அதை வேடிக்கையாகத்தான் படித்தாள். தன் குப்பைக் கூடையில் இருந்தவற்றின் பட்டியலைப் படித்துச் சிரித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தது.

"இங்க பாரேன், எவளோ கசகசாவாம்!" என்றாள். "யாருடி இந்தக் கசகசா? பேரைப் பாரு, ரொட்டி மேல தூவுற மாதிரி..."

சிரிப்பு அதற்கு மேல் ஒரு மூச்சு ஓடி நின்றது. அவள் கண் அடுத்த வரிக்கு இறங்குவதற்குள் ரோஸ்வித்தா அந்தப் பக்கத்தின் மேல் தன் கையை விரித்து வைத்தாள்.

"படிக்காத. நானே சொல்றேன். அது நான்தான்."

தாளிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. பொறுப்பாளர் ஓடிவந்து கையை எடுக்கச் சொன்னார். இஸ்திரிப் பெட்டி வைத்து மறந்ததுபோல, ஐந்து விரலும் உள்ளங்கையும் பழுப்பாகப் பதிந்திருந்தது. பக்கம் 212, வெப்பத்தால் சேதம், கையின் வடிவம் என்று அவர் பதிவேட்டில் எழுதினார். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

மார்லீஸ் அந்தக் கை அடையாளத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "டெலிஃபோனுக்கா?"

"இல்ல. அது பின்னால வந்தது. வேண்டாம்னு சொல்லல. ஆனா அதுக்காக இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"நீ போயிடுவேன்னு."

"போயிட்டேனே" என்றாள் மார்லீஸ்.

எழுந்து ஸ்வெட்டரை மாட்டினாள், கோட்டை மாட்டினாள், கழுத்து வரை பொத்தான் போட்டாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ரோஸ்வித்தா டிராம் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள். காலையில் விழுந்த பனியை அவள் கால்கள் ஒற்றையடிப் பாதையாக உருக்கிக்கொண்டு போயின. மறுநாள் அது ஐஸாக இறுகி, ஓய்வு பெற்ற டிராம் ஆய்வாளர் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்று மாலையே அவள் ஒரு தாளில் தான் செய்ததை, தேதி, நேரம், புனைபெயரோடு எழுதி, கட்டட வாசலில் ஒட்டினாள். அதில் மன்னிப்பு என்ற சொல் இல்லை, அதைக் கேட்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. டெலிஃபோனைத் திருப்பிக் கொடுக்கத் தபால் நிலையத்துக்குப் போனாள். அதற்குப் படிவம் இல்லை என்றார்கள். பாதிப்பேர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரி அவள் கதவில் காறித் துப்பினாள், துப்பிய கையோடு போய்த் தன் கட்டிலை ரோஸ்வித்தாவின் பக்கத்துச் சுவரோரம் நகர்த்திப் போட்டாள். அந்தத் தாளை மூன்று நாள் கழித்துக் கிழித்து எடுத்தவர் புரூனோ.

"போதும், கழட்டிடறேன் அம்மா" என்றார். அவர் காது இரண்டும் ரத்தச் சிவப்பாக இருந்தது. "இதைப் பார்த்துட்டு மேல ஏற எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நானும் ரெண்டு கடுதாசி எழுதியிருக்கேன். யாரைப் பத்தின்னு கேக்காதீங்க."

அவள் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு குளிர்காலத்தில் அவள் சூடு கூடியதே தவிரக் குறையவில்லை. ரொட்டிக் கடை மூடப்பட்டது. ஒருமுறை நடந்தே வெடிங் போய், மார்லீஸின் வாசலில் நின்றாள். அழைப்பு மணிப் பலகையில் படிந்திருந்த உறைபனி உருகி, பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மார்லீஸின் பெயர் கடைசியில் தெரிந்தது. அவள் மணியை அழுத்தாமல் திரும்பி வந்தாள்.

1995 ஜனவரி. அந்த மாதம் ஆற்றில் படகுகள் உறைந்து நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடிப்படியில் காலடி கேட்டது. பேச்சில்லை, வெறும் காலடிதான், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தால் மார்லீஸ். உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு கோட்டுப் போட்டிருந்தாள்.

"உன்னை மன்னிக்க வரல" என்றாள். "அதை ஞாபகம் வெச்சுக்க. குளிருது, அதான் வந்தேன். மூணு வருஷம் பல்லைக் கடிச்சுப் பார்த்தேன், முடியல."

ரோஸ்வித்தா வழிவிட்டாள். மார்லீஸ் ஒரு கோட்டைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றை. காபி போடவா என்று ரோஸ்வித்தா கேட்டபோது, தன் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதெல்லாம் வேண்டாம். நீ இங்க உக்காரு. இன்னும் கிட்ட. முகத்தை அந்தப் பக்கம் திருப்பாத, இந்தப் பக்கம் காட்டு."

அதன் பிறகு அவள் நவம்பர் முதல் மார்ச் வரை ஞாயிறுதோறும் வந்தாள். அதிகம் பேசவில்லை. அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடவும் இல்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இருட்டுவதற்குள் எழுந்து போவாள். ரோஸ்வித்தா தன் முகத்தை அவள் பக்கமாகக் காட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். பார்க்கவும் முடியாமல், திரும்பவும் கூடாமல் உட்கார்ந்திருப்பதுதான் அந்த மூன்று மணி நேரம் அவளுக்கு விதிக்கப்பட்ட வேலை. அதை ஒரு ஞாயிறும் தவறாமல் செய்தாள்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கட்டடத்தை வாங்கிய ஹாம்பர்க்காரர், எல்லா வீட்டுக்கும் வெந்நீர்க் குழாயும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரும் போட உத்தேசித்து ஒரு பொறியாளரை அனுப்பினார். வேலை நெருக்கடியால் அவர் ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தார். இரண்டாம் மாடி இடப்பக்க வீட்டில் நுழைந்ததும் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டார். அடுப்பைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. சுவரில் தட்டினார். கருவியில் இருபத்தேழு டிகிரி காட்டியது.

"இந்த வீட்டுல எதுங்க சூடு பண்ணுது?" என்று கேட்டார்.

சோபாவில் படுத்திருந்த மார்லீஸ் கண்ணைத் திறக்காமலே எதிர் நாற்காலியைச் சுட்டிக்காட்டினாள்.

"இவதான்."

பொறியாளர் ரோஸ்வித்தாவைப் பார்த்தார். ரோஸ்வித்தா தலையைக் குனியாமல் இருந்தாள். அவர் குறிப்பேட்டை எடுத்து, 'இரண்டாம் மாடி, இடப்பக்கம்: ரேடியேட்டர் தேவையில்லை' என்று எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.